செம்மறைக்குத் தெரிந்த ஒரு சொல்

எனக்குக் கன்னடத்தில் ஒரே ஒரு சொல் தெரியும். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, பத்து வயதில், பதினோரு நாள் எங்கள் ஊருக்கே கன்னட பண்டிதனாக இருந்தேன். அந்தப் பட்டம் போன விதத்தை என் பேரப்பிள்ளைகளிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் வீட்டில் எனக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். காகிதத்திடம் சொல்லலாம். அது எதிரில் நின்று சிரிக்காது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கட்டி முடித்தால் கடல் மாதிரித் தண்ணீர் நிற்கும் என்று பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு சொட்டும் ராசிபுரம் பக்கம் வராது என்பதையும் அதே மூச்சில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்குக் கிணறுதான். கிணற்றுக்குக் கவலை. கவலை என்றால் இரண்டு மாடுகளைப் பூட்டித் தண்ணீர் இறைக்கிற ஏற்பாடு. கிணற்று மேட்டிலிருந்து மாடுகள் சரிவில் இறங்கினால், வடம் இழுபட்டு, நீர் நிரம்பிய தோல் சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். கொட்டியதும் மாடுகள் திரும்பாமல், அப்படியே பின்பக்கமாக நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும். பின்னால் நடப்பது மனிதனுக்கே வராத வித்தை. நான் ஒருமுறை செய்து பார்த்து எருக்குழியில் விழுந்திருக்கிறேன். மாடுகளோ விடியலிலிருந்து வெயில் ஏறும் வரை நூறு தடவை செய்யும்.

அந்த வருஷம் ஆடியில் எங்கள் ஜோடி மாட்டில் ஒன்று நோய் கண்டு செத்துப்போனது. மிச்சமிருந்தது சாம்பல் நிற மயிலைக்காளை ஒன்று. மழையும் இல்லை. வயலில் மஞ்சள் இரண்டு மாதப் பயிர். இலை நுனி கருகத் தொடங்கியிருந்தது. அந்த மஞ்சளை நம்பித்தான் வீட்டில் எல்லாமே நின்றது. என் அக்காளின் கல்யாணம் உட்பட. அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஏற்கெனவே அவர் ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சொல் பேசுகிறவர். அதிலும் குறைத்தால் என்ன மிஞ்சும்?

மாடு வாங்கி வர என் மாமன் போனார். மாமன் என் அம்மாவுக்குத் தம்பி. கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவரும் அவரேதான். காவிரிக்கு அக்கரையில், அந்தியூர்ப் பக்கம் ஆடிச் சந்தை. போனவர் ஒரு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். பின்னால் ஒரு செம்மறைக்காளை.

அப்படி ஒரு மாட்டை நான் பார்த்ததில்லை. செங்கல் நிறம். மேலெல்லாம் வெள்ளைத் திட்டு. யாரோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்த மாதிரி. கழுத்தில் பின்னல் பின்னலாகத் திரித்த நார்க்கயிறு, அதில் ஒரு வெண்கல மணி.

“பர்கூர் மலை மாடுங்க மச்சான்,” என்றார் மாமன் அப்பாவிடம். “வித்தவரு ஒரு பெரியவரு. கன்னடந்தான் பேசறாரு. அரை வார்த்த புரியல. தரகன் நடுவுல நின்னு முடிச்சுட்டான். அந்தப் பெரியவரு மட்டும் ஓயாம காதத் தொட்டுத் தொட்டுக் காட்டுனாருங்க. மாட்டோட காது லட்சணத்தச் சொல்றாரு போலிருக்குது. நானும் பாத்தேன். நெசமாலுமே நல்ல காதுங்க.”

அப்பா காதைப் பார்த்தார். நல்ல காதுதான். வாழைப்பூ மடல் மாதிரி இருந்தது.

“வீரம்னா வீரம், அப்பேர்ப்பட்ட வீரமுங்க,” என்று மாமன் தொடர்ந்தார். “சங்ககிரி ரோட்டுல சர்வீஸ் மோட்டாரு பின்னால வந்து ஆரன் அடிச்சான். மத்த மாடெல்லாம் கொளத்துல கல்லு விளுந்த மாதிரி செதறுது. இது திரும்பிக்கூடப் பாக்கல. ரோட்டு நடுவுல ராசா மாதிரி நடக்குது. மோட்டாருக்காரனே எறங்கிக் கும்புட்டுட்டான்.”

அம்மா மாட்டைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தாள்.

“ஏன்டா தம்பி, இது ஆரு ஊட்டுக் கவுறு?”

மாமன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றவர் தன் கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொள்வார். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுபோய்ப் பூட்டிக் கூட்டி வர வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் பட்டியின் ராசியும் கூடவே போய்விடும் என்பது நம்பிக்கை. மலைக்காரர்களுக்கும் அதே வழக்கம்தான். மாமனுக்கு அந்தக் கயிற்றின் மேலும் மணியின் மேலும் ஆசை. பெரியவர் கயிற்றுக்குக் கை நீட்டியபோது, நீட்டிய கையில் இரண்டு வெற்றிலையை வைத்துவிட்டுக் கூட்டத்தில் நழுவி வந்திருக்கிறார். புதுக்கயிறு அவர் தோளிலேயே சுருளாக இருந்தது.

“ஒண்ணுக்கு ரெண்டாச்சுல்ல அக்கா!”

“மத்தவன் ஊட்டு ராசியத் திருடியாந்திருக்கறே. அது நம்மூட்ல நிக்குமா? அது ஊட்டுக்கு அது போகாம உடாது பாரு,” என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் மயிலையோடு செம்மறையைக் கவலையில் பூட்டினார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி மாமன் வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது ஆள் பாரம் இருந்தால் மாட்டுக்கு இழுப்பது லேசு. அப்பா பின்னால் நின்று, “ஹை!” என்றார். மயிலை ஓர் அடி வைத்தது. செம்மறை வைக்கவில்லை. “ஹை... ஹை!” அது அசைபோட்டுக்கொண்டு தூரத்தில் கொல்லிமலையைப் பார்த்தது. அப்பா இன்னும் உரக்கச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து மாடுகள் நடக்கத் தொடங்கிவிட்டன. இது நடக்கவில்லை.

அப்பா பொறுமையிழந்து குச்சியால் அதன் பின்தொடையைத் தொட்டார். அடிக்கவில்லை, தொட்டார். அவ்வளவுதான். பூமி பிளந்ததுபோல அது துள்ளியது. மயிலையையும் இழுத்துக்கொண்டு சரிவில் பாய்ந்தது. சால் கிணற்றுச் சுவரில் மோதி மேலே வந்தது. வடம் சாட்டை மாதிரி உதற, கெட்டிக்காரர் எழும்பிப் போய் வாய்க்காலில் முகம் குப்புற விழுந்தார். நான் சிரித்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

மறுபடி பூட்டினார்கள். மறுபடி அதேதான். நிற்கும், அல்லது பாயும். நடுவில் எதுவும் கிடையாது. பின்னால் நடப்பது என்ற பேச்சே இல்லை.

சத்தம் கேட்டுத் தெருக்கோடியிலிருந்து நெசவுக்கார அக்கா வந்தார். எங்கள் தெரு முடிகிற இடத்தில் பாவடி இருந்தது. தறிக்குப் போகும் நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடுகிற திடல். அங்கே குடியிருந்தவர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், வாசலுக்கு வந்தால் தமிழ் பேசுவார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்க, அது பர்கூர் மாடுதானுங்களே? அந்த மலையில பேசறது எங்க பாஷைங்க. நீங்க தமிள்ல கத்துனா அதுக்கு என்னங்க தெரியும், பாவம்!”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது ஏன் நமக்குத் தோன்றவில்லை? மாமன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, “அதத்தான் நானும் சொல்ல வந்தேன்,” என்றார்.

“வான்னு கூப்புடறதுக்கு எங்கள்ல ‘பா’ம்போம்,” என்றார் அக்கா.

பா. இவ்வளவுதானா? அப்பாவுக்குக் கூச்சம். மாமனுக்கு இடுப்பு வலி. நான் முன்னே போனேன். கை நிறையச் சோளத்தட்டைப் பிடித்துக்கொண்டு செம்மறைக்கு நேர் எதிரில் நின்று, “பா... பா... பா...” என்றேன்.

முதலில் கோழிகள் வந்தன. எங்கள் வீட்டில் கோழியைத் தீனிக்குக் கூப்பிடுவதும் அப்படித்தான். பதினைந்து கோழிகள் பறந்து ஓடி வந்து என் காலைச் சுற்றி நின்று, ஏமாற்றிவிட்டாயே என்று தலையைச் சாய்த்துப் பார்த்தன. அக்கா, “உதட்டை நல்லா ஒட்டி, வயித்துலிருந்து சொல்லு சாமி,” என்று திருத்தினார். உதட்டை ஒட்டி, வயிற்றிலிருந்து சொன்னேன்.

செம்மறை என்னைப் பார்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னோர் அடி. அந்தப் பெரிய தலை, குளிர்ந்த ஈர மூக்கு, நேராக என் கைக்கு வந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்று நினைத்தாலும் கொஞ்சம் கூச்செறிகிறது, வேறு காரணத்துக்காக. காவிரியைக் கடந்து வந்த மாடு, மலையில் பிறந்த மாடு, என் சொல்லைக் கேட்டு வந்துவிட்டது! நான் இருந்த இடத்திலிருந்து அதன் மலை வரைக்கும் ஒரு கயிறு கட்டிவிட்ட மாதிரி இருந்தது. என் கையில் இருந்த சோளத்தட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஊரிலும் யாரும் யோசிக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே போனேன். ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு கால். சிலேட்டில் எழுதினால் கட்டை விரலால் மறைத்துவிடலாம். எங்கள் தமிழ் வாத்தியாருக்குப் பா என்றால் செய்யுள். அதை ஒப்பிக்காததற்காக என் முட்டியில் அவர் பிரம்பால் எழுதிய செய்யுள்கள் பல. பாவடிக்காரர்களுக்குத் தமிழில் பா என்றால் விரித்த நூல், அதே வாயால் கன்னடத்தில் சொன்னால் வா. ராசிபுரத்து ஜட்கா வண்டிக்காரர் உருது பேசுவார். அவர் தன் கூட்டாளியிடம் “க்யா பா?” என்பார். அங்கே அது நாம் ‘ஏம்ப்பா’ என்கிற மாதிரி ஒரு தோள் தட்டல். இங்கிலீஷ் பாடப்புத்தகத்தைப் பிரித்தால், அந்த நாட்டு ஆடு ‘பா’ என்று கத்துகிறது என்று போட்டிருந்தது. எங்கள் ஆடுகள் மே என்றுதான் கத்தும். ஆடுகள்கூடவா சொந்த பாஷை வைத்துக்கொண்டிருக்கின்றன?

எனக்குத் தலை சுற்றியது. உதடு ஒட்டித் திறப்பதற்குள் முடிந்துபோகிற சத்தம். அந்த ஒரு கூரையின் கீழ் இத்தனை பேர் குடியிருக்கிறார்களே, ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல்! ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார், ஒருவர் நூல் விரிக்கிறார், ஒருவர் மாட்டைக் கூப்பிடுகிறார், எங்கோ பனி பெய்கிற தேசத்தில் ஓர் ஆடு கத்துகிறது. நான் ரோட்டில் நின்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சொன்ன மாத்திரத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. கோயிலுக்குள் தனியாக மாட்டிக்கொண்டவன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. வாத்தியார் இன்னொரு செய்யுள் எழுதினார்.

ஊரில் என் மதிப்பு ஏறியது. “கன்னடக்கார சாமி வாராப்ல,” என்று கேலியாகச் சொன்னார்கள். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவிடம் போய் நட என்பதற்கு ஒரு சொல், நில் என்பதற்கு ஒரு சொல், பின்னால் போ என்பதற்கு ஒரு சொல் என்று கேட்டு வந்தேன். (அவற்றையெல்லாம் மறந்துவிட்டேன். அதனால்தான் ஒரே ஒரு சொல் தெரியும் என்றேன்.) கவலை மேட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அவற்றைச் சொல்வேன். செம்மறை கொல்லிமலையைப் பார்க்கும்.

முன்னால் நின்று கூப்பிட்டால் வந்தது. பின்னால் நின்று சொன்னால் நின்றது. கவலையில் ஓட்டுகிறவன் பின்னால்தானே நிற்க முடியும்? உரக்கச் சொன்னேன். மெல்லச் சொன்னேன். மரியாதை குறைந்துவிட்டதோ என்று “பாங்க... பாங்க சாமி!” என்று எங்கள் ஊர் மரியாதையையும் கன்னடத்தில் ஒட்டிக் கொடுத்தேன். மாமன் தன் பங்குக்குத் தெலுங்கில் நாலு வார்த்தை வீசினார். அவை சந்தையில் கற்றவை. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். நானே பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் ‘கோ’ என்றும் கத்தினேன். அப்புறம் யாராவது குச்சியால் தொடுவார்கள். அது பாயும். வடம் அறுந்தது ஒரு நாள். சாலின் தோல் கிழிந்தது ஒரு நாள். பக்கத்துத் தோட்டத்தார் இரக்கப்பட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தங்கள் மாட்டைத் தந்தார்கள். அதில் பாதி மஞ்சள் பிழைத்துக் கிடந்தது. மீதிப் பாதி மேற்கிலிருந்து வரிசை வரிசையாகச் சுருண்டுகொண்டு வந்தது.

அம்மா கயிற்றைக் கழற்றி மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டினாள். “இதான் காரணம்,” என்றாள்.

எட்டாம் நாள் அப்பா வாயைத் திறந்தார்.

“மாப்ளே. வர்ற செவ்வாச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போ. ஆரு கேட்டாலும் குடுத்துரு.”

வேலைக்காகாத மாட்டைச் சந்தையில் யார் கேட்பார்கள் என்று பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். கத்திக்குப் போகிற மாடு. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். “இன்னும் ரெண்டு நாளுங்கப்பா. நான் இன்னும் நல்லாக் கன்னடம் படிச்சுக்கறனுங்க. எம்பட பேச்சுதான் சரியில்லீங்க. மாடு நல்ல மாடுங்க.” அப்பா என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். ஏழெட்டுச் சொல் அன்றைக்குத் தீர்ந்துபோயிருக்கும்.

மூன்று நாளும் பாவடியே கதியென்று கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவையே கவலைக்கு இழுத்து வந்தேன். பிறவியிலேயே கன்னடம் பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்தினார். செம்மறை கொல்லிமலையைப் பார்த்தது. “இது எந்த ஊர்க் கன்னடமோ சாமி,” என்று சொல்லி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். தலையில் கம்பளி, கையில் மூங்கில்தடி, முழங்கால் வரைக்கும் புழுதி. என்னிடம் ஏதோ சொன்னார். ஊரின் கன்னட பண்டிதனுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. பின்னால் வந்த மாமன் அவரைப் பார்த்ததும் வைக்கோல்போர்ப் பக்கம் ஒதுங்கினார். அதிலேயே எங்களுக்குக் கிழவர் யாரென்று தெரிந்துவிட்டது.

அக்காவைக் கூட்டி வந்தேன். அவர் கேட்டுச் சொன்னார்: “கவுறு வாங்கிக்கிட்டுப் போக வந்தாராமுங்க. பட்டிக் கவுறு வெளிய நிக்கக் கூடாதாம். நாலு நாளா நடந்து வாராராம். வழியெல்லாம் செம்மறை போன ஊடு எதுன்னு கேட்டுக்கிட்டே.”

ஒரு கயிற்றுக்காக நாலு நாள். அம்மா மாமனைத் தேடிக் கண்ணாலேயே வைக்கோல்போரைத் துளைத்தாள். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து, இரண்டு கையாலும் கிழவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் போகவில்லை. கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

செம்மறை அந்தப் பக்கம் திரும்பி நின்று தீனி தின்றுகொண்டிருந்தது. கிழவர் நேராகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு, அது பார்க்கும்படி தூரத்திலிருந்தே மெல்ல மெல்ல எதிரில் வந்தார். அது தலையைத் தூக்கியது. வாயில் இருந்த சோளத்தட்டு கீழே விழுந்தது. கிழவர் அதன் திமிலில் உள்ளங்கையை வைத்து, “பா,” என்றார். அது தாடையைக் கொண்டுவந்து அவர் தோளில், அந்தக் கயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டது.

பதினோரு நாளாக நான் சொன்னதும் அதே சொல்தான்.

அக்கா நடந்ததையெல்லாம் கிழவருக்குச் சொன்னார். நாளை சந்தை என்பதையும் சொன்னார். கிழவர் நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்து, அம்மாவின் பித்தளைத் தவலையை எடுத்து, செம்மறைக்குப் பின்னால் போய் நின்று, மூங்கில்தடியால் தவலையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

மயிலை முளைக்கயிற்றை அறுக்கப் பார்த்தது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. நான் அம்மாவின் மேல் விழுந்தேன். வைக்கோல்போருக்குப் பின்னால் மாமன் “ஐயோ!” என்றார். செம்மறை குனிந்து, விழுந்த தட்டை எடுத்து மென்றது. அந்த அழகான காது ஒன்றுகூட அசையவில்லை.

கிழவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். ஒருமுறை. இருமுறை.

மாமன் வெளியே வந்து, “இதையேதானுங்க சந்தையிலயும்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அப்பா அவரைப் பார்த்தார். “காது ஆருக்கு மாப்ளே கேக்கல?” என்றார்.

ஆக, பதினோரு நாளாக நாங்கள் எல்லோரும் ஒரு செவிட்டு மாட்டுக்கு எந்த பாஷை தெரியும் என்று சண்டை போட்டிருக்கிறோம். சேலத்துச் சீமையில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். தெருவுக்கு ஒரு பாஷை இருக்கிற இடத்தில், சொன்னது ஒருவனுக்குப் புரியவில்லை என்றால் அடுத்த பாஷையை எடுப்போமே தவிர, காது இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம். என் பாண்டித்தியத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கோழி மட்டும் கூரையிலிருந்து பார்த்தது.

கிழவர் அக்காவிடம் மெல்லப் பேசினார். அக்கா அப்பாவிடம் சொன்னார்: “உங்களுக்கு வேண்டாம்னா தானே கூட்டிக்கிட்டுப் போயிர்றாராமுங்க. குடுத்த பணத்த அறுவட முடிஞ்சு திருப்பிக் குடுத்துர்றாராம். கத்திக்கு மட்டும் அனுப்பாதீங்கன்னு கேக்கறாரு.”

அப்பாவின் பார்வை மாட்டிலிருந்து மஞ்சளுக்குப் போனது, மஞ்சளிலிருந்து மாட்டுக்கு வந்தது. “பூட்டச் சொல்லு,” என்றார்.

கிழவர் கவலையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அவர் மலையில் அது கிடையாது. தோல் சாலையும் வடத்தையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு செம்மறையின் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று, திமிலில் கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். அது நடந்தது. மயிலையோடு அடிக்கு அடி, சரிவில் இறங்கியது. மேலே சால் வந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. அடிவாரத்தில் கிழவர் முன்னால் வந்து, அதன் நெற்றியில், இரண்டு கொம்புக்கும் நடுவில், விரல்களை வைத்தார். செம்மறை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு காலைப் பின்னால் வைத்தது. இன்னொரு கால். ஆற்றுக்குள் இறங்குகிற பெண்பிள்ளை மாதிரி, மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பின்பக்கமாகவே மேட்டுக்கு ஏறி வந்தது.

நான் பல வருஷம் கழித்துப் பெரிய ஊர்களில் பெரிய வித்தைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து விரலுக்கு முன்னால் எதுவும் நிற்காது. ஒரு சத்தம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் போகிற சலசலப்பு மட்டும்தான்.

எட்டுச் சால், பத்துச் சால் ஆனதும் அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். கிழவர் கையை எடுத்தார். அப்பா தன் கையைக் கொண்டுபோனார். மண்வெட்டியும் மேழியும் பிடித்துக் காய்ப்பேறிய கை. எங்கள் யாரையும் அவர் அவ்வளவு பதமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. கை திமிலில் படுவதற்கு முன் அந்தரத்தில் சற்று நின்றது. அப்புறம் பட்டது. அப்பா கிழவரைப் பார்த்தார். வெட்கத்தோடு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பா,” என்றார்.

செம்மறை நடந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை சந்தைக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

கிழவர் அன்று மத்தியானம் களி தின்றுவிட்டுக் கிளம்பினார். கிளம்பும் முன் செம்மறையிடம் போனார். அதன் காதைக் கையில் பிடித்து, வாயைக் கிட்டத்தில் வைத்து, என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அக்காவின் சேலையை இழுத்து, “என்னக்கா சொல்றாரு?” என்றேன். அக்கா உற்றுக் கேட்டார். “ஒண்ணுமில்ல சாமி. பா, பான்னுதான் சொல்றாரு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொல்வது செவிட்டு மாட்டுக்கு. சொல்கிறவர் அதை விட்டுவிட்டுப் போகிறவர். போகிறபோது வா என்கிறாரே! கெட்டிக்காரத்தனத்தில் மாமனையும் மிஞ்சிய ஆள் ஒருவர் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வாசலில் நின்று, “போயிட்டு வாங்க,” என்றாள். கிழவர் திரும்பி, சந்தையில் பொறுக்கிய இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களில் ஒன்றை எடுத்து, என் தலையைத் தொட்டு, “வாரேன் சாமி,” என்றார்.

அந்த வருஷம் மஞ்சள் முக்கால் பங்கு பிழைத்தது. அக்காள் கல்யாணம் தையில் நடந்தது. அப்பா தினம் விடியலில் செம்மறையின் திமிலில் கை வைத்து “பா” என்பார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்: “அதுக்குத்தான் காது கேக்காதுங்களே அப்பா. எதுக்குங்க சொல்றீங்க?”

அப்பா வடத்தைச் சரிபார்த்துக்கொண்டே, “எனக்குக் கேக்குதல்ல,” என்றார்.

அதுவும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிய தமிழ் ஒன்றே ஒன்றுதான்: வாரேன் என்று சொன்னவர் வருவார். அடுத்த ஆடி பிறந்ததும், பள்ளிக்கூடம் விட்டு வந்து, செம்மறையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சங்ககிரி ரோட்டுப் புளியமரத்தடியில் போய் நின்றேன். வருகிறவருக்கு எங்கள் வீடு தெரியாமல் போய்விடக் கூடாதே! மாடு மேற்கே பார்த்தபடி அசைபோட்டது. மோட்டார்கள் ஆரன் அடித்துக்கொண்டு போயின. ஆடி முழுக்க நின்றோம், அதுவும் நானும்.